எந்தக் கியர்பாக்ஸ் இது?

கிளட்ச் மாற்றும் வேலையில் உழைப்பின் பெரும்பகுதி கிளட்ச் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கே செலவாகிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டிய கூட்டுக்குள், இரண்டுக்கும் நடுவில் அது இருக்கிறது. பேட்டரி, ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்ட்டுகள், கியர் கேபிள்கள், மவுண்டிங்குகள் என ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் கனமான கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால்தான் கிளட்ச் பிளேட் கண்ணில் படும். இவ்வளவையும் செய்து முடித்துவிட்டு, கடையில் வாங்கி வைத்த புதுப் பிளேட்டை கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டில் செருகிப் பார்த்தால் சில சமயம் அது ஏற மறுக்கிறது. வண்டியின் பெயர் சரி, ஆண்டு சரி, எஞ்சின் கொள்ளளவும் சரி. தண்டின் மேல் வெட்டியிருக்கும் பற்களின் எண்ணிக்கை மட்டும் வேறு.

ஏறாத பிளேட்டாவது தன் தவறை அப்போதே சொல்லிவிடுகிறது. ஏறிவிட்டு, போல்ட்டும் பொருந்தி, ஓடவும் தொடங்கி, சில மாதங்களில் நழுவவோ அதிரவோ தொடங்கும் தவறான கிளட்ச்தான் அதிகத் துன்பம் தருவது. அதே உழைப்பை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். அதனால் கிளட்ச் வாங்குவதற்கு முன்பே கேட்டு விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டியில் இருப்பது எந்தக் கியர்பாக்ஸ்? பார்ட்ஸ் கடைப் பட்டியலைப் புரட்டும் வேலையாக இது தெரியலாம். உள்ளே இருப்பது முழுக்க முழுக்க இயற்பியல். அந்த இயற்பியல் தெரிந்தவருக்குப் பட்டியல் தவறினாலும் கை தவறாது.

ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப். ஜெர்மனியில் 1974இல் வந்த இந்தக் காரின் தலைமுறைகளில் கியர்பாக்ஸ் வகைகளின் கதை முழுதும் அடங்கிவிடுகிறது. நமக்கும் அது அந்நியமில்லை. நான்காம் தலைமுறை கோல்ஃபின் அடித்தளத்தில் உருவான ஸ்கோடா ஆக்டேவியா, 2001 முதல் அவுரங்காபாத் தொழிற்சாலையிலிருந்து இந்தியச் சாலைகளுக்கு வந்தது. அதன் 1.9 லிட்டர் டீசல் வண்டிகளின் அடியில் இருந்ததும் கோல்ஃபில் இருந்த அதே கியர்பாக்ஸ் குடும்பம்தான்.

நான்காம் தலைமுறை கோல்ஃப் 1997இல் வந்தது. வெளியே ஒரே உடல், ஒரே கதவுகள். அடியில் பார்த்தால் வேறு வேறு கியர்பாக்ஸ்கள். 145 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு 02கே. 240 நியூட்டன் மீட்டர் தரும் 100 குதிரைத்திறன் டீசலோடு ஐந்து கியர் கொண்ட 02ஜே. அதே 1.9 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறனாக உயர்ந்து 310 நியூட்டன் மீட்டர் தந்தபோது ஆறு கியர் கொண்ட 02எம். சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு இவற்றிலும் மெலிந்த இன்னொரு குடும்பம். ஆக, கடையில் போய் ‘கோல்ஃப் 1.9 டீசல், கிளட்ச் செட்’ என்று கேட்டால் அந்த விவரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டுமே உங்கள் வண்டிக்குச் சரி.

ஏன் இத்தனை வகை? கியர் பற்கள் தாங்கும் சுமைக்கு எல்லை உண்டு. 310 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் அளவுக்குத் தடித்த பற்களையும் தண்டுகளையும் பேரிங்குகளையும் 1.4 லிட்டர் வண்டியில் வைத்தால், அந்தக் கூடுதல் எடையையும் உராய்வையும் அந்த வண்டி தன் வாழ்நாள் முழுக்கச் சுமந்து, எரிபொருளாகச் செலுத்தும். அதனால் நிறுவனங்கள் முறுக்குவிசையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குடும்பத்தை வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வேகனின் இன்னொரு பெயரிடும் முறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது. 02டி என்பது எம்க்யூ200. 02ஜே என்பது எம்க்யூ250. 02எம் என்பது எம்க்யூ350. முதல் எழுத்து கையால் மாற்றும் கியர் என்பதையும், இரண்டாம் எழுத்து எஞ்சினை வண்டிக்குக் குறுக்காக வைத்திருப்பதையும் குறிக்கின்றன. எண்தான் முக்கியம்: அந்தக் குடும்பம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட முறுக்குவிசை, ஏறத்தாழ, நியூட்டன் மீட்டரில். ஓப்பல் நிறுவனத்தின் எஃப்13, எஃப்17, எஃப்23 ஆகியவையும் இதே வழிதான். எண்ணைப் பத்தால் பெருக்கினால் தாங்குதிறன் கிடைக்கும். ஃபோர்டின் எம்டிஎக்ஸ்75 வேறு அளவைப் பெயராக்கியது. அதன் 75, உள்ளீட்டுத் தண்டுக்கும் வெளியீட்டுத் தண்டுக்கும் இடையிலான தூரம், மில்லிமீட்டரில். அதுவும் சுற்றி வளைத்து முறுக்குவிசையையே சொல்கிறது, ஏனென்றால் தண்டுகள் விலகியிருந்தால்தான் பெரிய கியர் சக்கரங்களுக்கு இடம் உண்டு.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் எளிது. எஞ்சினின் உச்ச முறுக்குவிசை தெரிந்தால் கியர்பாக்ஸ் எந்தப் படியில் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். கிளட்சின் அளவையும் அதே எண்தான் முடிவு செய்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கிளட்ச் பிளேட்டின் இரு முகங்களிலும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு முகத்தை ஃப்ளைவீலும் மறு முகத்தைப் பிரஷர் பிளேட்டும் நெருக்குகின்றன. அது கடத்தக்கூடிய முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, நெருக்கும் விசை, பட்டையின் சராசரி ஆரம், முகங்களின் எண்ணிக்கையான இரண்டு. எடுத்துக்காட்டாக, உராய்வுக் கெழு 0.3, சராசரி ஆரம் 95 மில்லிமீட்டர், நெருக்கும் விசை 6000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 0.3 × 6000 × 0.095 × 2 = 342 நியூட்டன் மீட்டர். 240 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு இது ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த உபரி ஆடம்பரம் இல்லை. பட்டை தேய்ந்து, சூடேறி, உராய்வு குறைந்த நாளிலும் மலைப்பாதையில் நழுவாமல் இழுப்பது அந்த உபரியால்தான்.

விட்டம் கூடும்போது என்ன ஆகிறது என்பது இன்னும் சுவையானது. பட்டையின் ஒரு சதுர சென்டிமீட்டர் தாங்கும் அழுத்தத்துக்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் நின்று, பிளேட்டை எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால், பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடும், ஆரமும் கூடும், ஆகவே முறுக்குவிசை விட்டத்தின் கனமாகக் கூடும். பழைய கோல்ஃப்களின் சிறிய கிளட்ச் 190 மில்லிமீட்டர். ஆறு சிலிண்டர் விஆர்6 எஞ்சின் வண்டியின் கிளட்ச் 228 மில்லிமீட்டர். விட்டத்தில் 1.2 மடங்குதான். 1.2இன் கனம் 1.728. ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூடியதற்கு, கடத்தும் திறனில் எழுபது சதவீதத்துக்கு மேல் கிடைத்துவிடுகிறது. கண்ணால் பார்த்து ‘கிட்டத்தட்ட அதே அளவுதானே’ என்று ஒரு பிளேட்டுக்கு இன்னொன்றைப் போடுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

இனி, வெளியிலிருந்து அடையாளம் காண்பது.

கோல்ஃபின் முதல் மூன்று தலைமுறைகளிலும் நடுத்தர எஞ்சின்களோடு வந்தது 020 என்னும் கியர்பாக்ஸ். 1988இல் பஸாட், கொராடோ கார்களோடு 02ஏ வந்தது. மூன்றாம் தலைமுறை கோல்ஃபில், அதாவது 1991 முதல் 1997 வரை, இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன. 1.8 லிட்டர் வண்டியில் 020, விஆர்6 வண்டியிலும் நேரடி உட்செலுத்தல் டீசலிலும் 02ஏ. இவ்விரண்டையும் பிரித்தறிய வண்டியைத் தூக்கவே வேண்டாம். பானெட்டைத் திறந்து, கியர் நெம்புகோலிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் இணைப்பைப் பாருங்கள். இரும்புக் கம்பிகளும் மூட்டுகளுமாக வந்தால் 020. உறைக்குள் ஓடும் இரண்டு கேபிள்கள் வந்தால் 02ஏ. கிளட்ச் பெடலிலிருந்து வருவதையும் பாருங்கள். 020இல் அது கேபிள். 02ஏயில் பெரும்பாலும் எண்ணெய்க் குழாயும் ஸ்லேவ் சிலிண்டரும்.

இவ்விரண்டின் கிளட்சுகளுக்கும் உள்ள வேறுபாடு அளவோடு நின்றுவிடவில்லை, அமைப்பே வேறு. 020இன் கிளட்ச் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் ஒன்று. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வழக்கமான காரில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் ஃப்ளைவீல் இருக்கும். அதன்மேல் கிளட்ச் பிளேட், அதற்கு மேல் மூடிபோலப் பிரஷர் பிளேட். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ரிலீஸ் பேரிங் வந்து பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும். 020இல் இந்த வரிசை தலைகீழ். கிராங்க் ஷாஃப்ட்டில் நேரடியாகப் பூட்டப்படுவது பிரஷர் பிளேட். அதன்மேல் கிளட்ச் பிளேட். கடைசியில் ஃப்ளைவீல் வந்து பிரஷர் பிளேட்டின் விளிம்போடு போல்ட் செய்யப்படுகிறது. அப்படியானால் விரல்கள் எஞ்சின் பக்கம் போய்விட்டன. அவற்றை அமுக்குவது யார்? கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டை முழு நீளத்துக்கும் துளைத்து, அந்தத் துளை வழியே ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைச் செலுத்தியிருக்கிறார்கள். கம்பியின் ஒரு முனை பிரஷர் பிளேட்டின் நடுவே உள்ள சிறு தட்டைத் தள்ளும். மறுமுனை கியர்பாக்ஸின் கடைக்கோடியில், சக்கரத்தின் பக்கம், ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும் ரிலீஸ் பேரிங்கில் முட்டும்.

இதனால் ஒரு நன்மை. வழக்கமான காரில் ரிலீஸ் பேரிங் இரைந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். 020இல் கடைக்கோடி மூடியைக் கழற்றினால் பேரிங் கைக்கு வந்துவிடும். தெரியாதவர் கையில் ஒரு கெடுதலும் உண்டு: வழக்கமான அமைப்பின் கிளட்ச் செட்டை வாங்கி வந்தால் அதில் ஒன்றுகூடப் பயன்படாது. ஒரே 1.9 லிட்டர், ஒரே கோல்ஃப், ஒரே ஆண்டு என்று பெயர் பொருந்தினாலும் 020க்கும் 02ஏக்கும் பொதுவான கிளட்ச் உறுப்பு எதுவும் இல்லை. தண்டின் பற்கள்கூட வேறு: 020இல் 24, 02ஏயிலும் அதன் வாரிசான 02ஜேயிலும் 28. நான்காம் தலைமுறையில் வந்த 02கே என்பது 020இன் வழித்தோன்றல். அதிலும் துளையிட்ட தண்டும் கம்பியும் தொடர்ந்தன. புதுத் தலைமுறைக் கார் என்பதால் உள்ளே இருப்பதும் புதிய அமைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வண்டியே எழுத்தில் என்ன சொல்கிறது? முதலில் ஆர்.சி. புத்தகத்தை ஒதுக்கி வைக்கலாம். அதில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் உண்டு. கியர்பாக்ஸ் பற்றி எதுவும் இல்லை. சேசிஸ் நம்பரின் பதினேழு இடங்களில், ஐரோப்பிய ஃபோக்ஸ்வேகன்களில் ஏழாவது, எட்டாவது இடங்கள் மாடலைக் குறிக்கும். 1எச் என்றால் மூன்றாம் கோல்ஃப், 1ஜே என்றால் நான்காம் கோல்ஃப். அதற்கு முன் வரும் மூன்று இசட் எழுத்துகள் வெற்றிடம் நிரப்புபவை. கியர்பாக்ஸ் அங்கும் இல்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால்தான் கிடைக்கும்.

ஸ்பேர் சக்கரம் இருக்கும் குழியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாள் இதைவிட உதவும். எஞ்சின் குறியெழுத்துகளும் கியர்பாக்ஸ் குறியெழுத்துகளும் அதில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஆனால் அது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் சாட்சி மட்டுமே. இருபது ஆண்டு ஓடிய வண்டியில் இடையில் யாராவது பழைய மார்க்கெட் கியர்பாக்ஸைப் பொருத்தியிருந்தால் தாளுக்கு அது தெரியாது. பழைய கோல்ஃப்களில் இது நடக்கக்கூடியதே. 020ஐயும் 02ஏயையும் ஒரே எஞ்சின் பிளாக்கின் போல்ட் துளைகளில் பூட்டலாம். வலுவான கியர்பாக்ஸ் வேண்டும் என்று இரண்டாம் தலைமுறை வண்டியில் 02ஏயை ஏற்றியவர்கள் ஐரோப்பாவில் ஏராளம்.

ஆகவே, கடைசியில் கியர்பாக்ஸையே கேட்க வேண்டும். அதன் கூட்டில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. ஒன்று, வார்ப்பிலேயே மேடாக எழுந்து நிற்கும் 020, 02ஏ, 02ஜே போன்ற குடும்ப எண். மற்றது, பிறகு குத்தப்பட்ட அல்லது பொறிக்கப்பட்ட குறியெழுத்துகளும் தேதியும். எண்ணெயும் மண்ணும் இறுகிய பரப்பில் இது கண்ணுக்குத் தெரியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, சாய்வாக டார்ச் அடித்தால் எழும்பி வரும். இரண்டு அல்லது மூன்று எழுத்துகள், பிறகு நாள், மாதம், ஆண்டின் கடைசி இலக்கம். ‘06 10 0’ என்றிருந்தால் அக்டோபர் 6. ஆண்டு 2000ஆகவும் இருக்கலாம், 1990ஆகவும் இருக்கலாம். குடும்ப எண் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். 1990இல் 02ஜே கிடையாது.

இங்கே பலரும் குழம்புகிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்ப எண்ணும் குறியெழுத்தும் சொல்வது வெவ்வேறு சேதிகள். ஒரே 02ஜே குடும்பத்துக்குள் பல குறியெழுத்துகள் உண்டு; அவை பெரும்பாலும் கியர் விகிதங்களில் வேறுபடுபவை. கிளட்சின் பொருத்தத்தைத் தீர்மானிப்பது குடும்பமும் எஞ்சினும் ஃப்ளைவீலும். குறியெழுத்து ஒத்துப்போகவில்லை என்பதற்காகச் சரியான கிளட்சைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மறுபுறம், இரண்டு வண்டிகளில் ஐந்தாம் கியர் விகிதம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றின் கிளட்ச் மற்றதற்குப் பொருந்தும் என்றும் எண்ணக் கூடாது.

குறியெழுத்து அழிந்துபோயிருந்தால்? கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போது அதன் விகிதங்களைக் கையாலேயே அளந்துவிடலாம். இது எனக்கு மிகவும் நிறைவு தரும் சோதனை. வேண்டியது சாக்பீஸ் மட்டும். பழைய கிளட்ச் பிளேட்டை உள்ளீட்டுத் தண்டில் செருகினால் அதுவே கைப்பிடி. முதல் கியரைப் போடுங்கள். டிரைவ் ஷாஃப்ட் பொருந்தும் இரண்டு ஃப்ளாஞ்சுகளில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதில் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேட்டைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் நின்றுவிட்டால், டிஃபரென்ஷியலின் இயல்பால் மறுபக்கம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஆகவே ஃப்ளாஞ்ச் ஒரு சுற்று முடிக்க நீங்கள் சுற்றிய எண்ணிக்கை, மொத்த விகிதத்தில் பாதி.

முதல் கியர் 3.778, இறுதி விகிதம் 3.389 உள்ள ஒரு 02ஜேயில் மொத்த விகிதம் 12.80. ஃப்ளாஞ்ச் ஒரு சுற்றுக்கு 6.4 சுற்றுகள் எண்ணுவீர்கள். ஐந்தாம் கியரில் 0.756 உள்ள பெட்டியையும் 0.745 உள்ள பெட்டியையும் பிரிக்க முடியுமா? ஒரு சுற்றில் முடியாது. ஃப்ளாஞ்சைப் பத்து முறை சுற்றவிட்டால், முன்னதில் பிளேட் 12.80 சுற்றும் பின்னதில் 12.62 சுற்றும் சுற்றியிருக்கும். வேறுபாடு 0.18 சுற்று, 28 பல் கொண்ட தண்டில் ஐந்து பல் அளவு நகர்வு. கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தத் தசம எண்கள் உண்மையில் பின்னங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சக்கரத்தில் பாதிப் பல் வெட்ட முடியாது. 3.389 என்பது 61ஐ 18ஆல் வகுத்தது. இன்னொரு புழக்கமான இறுதி விகிதமான 3.158 என்பது 60ஐ 19ஆல் வகுத்தது. 61க்கும் 18க்கும் பொதுக் காரணி இல்லை. 60க்கும் 19க்கும் இல்லை. இது வேண்டுமென்றே செய்தது. பொதுக் காரணி இருந்தால் ஒரு சக்கரத்தின் குறிப்பிட்ட பல் மற்றச் சக்கரத்தின் அதே சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் இருக்கும் சிறு குறை அந்தச் சிலவற்றை மட்டும் அரித்துவிடும். காரணி இல்லாதபோது ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் சமமாகப் பரவுகிறது. பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி படித்தபோது இது எங்கே பயன்படும் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டைத் திறந்து காட்டலாம்.

கியர்பாக்ஸை இறக்காமலும் விகிதத்தை ஓரளவு கணிக்கலாம். 195/65 ஆர்15 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.95 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அது நிமிடத்துக்கு 855 சுற்று. ஐந்தாம் கியர் 0.756, இறுதி விகிதம் 3.389 என்றால் எஞ்சின் ஏறத்தாழ 2190 சுற்று காட்டும். இறுதி விகிதம் 3.158 என்றால் 2040. இடைவெளி 150தான். ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் இயல்புடையவை என்பதால், இந்தச் சோதனைக்கு வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்ப்பதே சரி.

குடும்பம் தெரிந்துவிட்டது, குறியெழுத்தும் கிடைத்துவிட்டது. இன்னும் ஒரு மறைவான கிளை இருக்கிறது: ஃப்ளைவீல். 02ஜே, 02எம் பூட்டிய டீசல் வண்டிகளில் ஃப்ளைவீல் பெரும்பாலும் ஒற்றை வார்ப்பு இல்லை. இரண்டு வட்டுகள், நடுவே வளைந்த நீண்ட ஸ்பிரிங்குகள், அவற்றைச் சுற்றி கிரீஸ். இதற்கு இரட்டை நிறை ஃப்ளைவீல் என்று பெயர்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு சுமார் 27 உதைகள். ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்தில் தள்ளினால் வீச்சு பெருகிக்கொண்டே போவதுபோல, எஞ்சினின் உதைகள் கியர் தண்டுகளின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் பற்கள் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். ஒற்றை ஃப்ளைவீலும் ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டும் உள்ள வண்டியில் அந்த ஒத்திசைவு நாம் அன்றாடம் ஓட்டும் வேகங்களுக்குள், ஏறத்தாழ 1200க்கும் 2400க்கும் இடையில் எங்கோ விழுகிறது. டீசலின் முரட்டு உதைகளில் கியர்பாக்ஸ் அதைத் தாங்காது. ஃப்ளைவீலின் நிறையில் ஒரு பங்கை கியர்பாக்ஸ் பக்கம் சேர்த்து, நடுவே மெத்தென்ற ஸ்பிரிங்குகளை வைத்தால் ஒத்திசைவு ஐடிலுக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஒரு கணம் அதைக் கடக்கிறோம். ஓட்டும்போது அது குறுக்கே வருவதில்லை.

ஆகவே அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் ஃப்ளைவீலில் இருக்கின்றன. அதற்கான கிளட்ச் பிளேட்டின் நடுவில் அவை பெரும்பாலும் இருக்காது. ஒற்றை ஃப்ளைவீலுக்கான பிளேட்டில் கட்டாயம் இருக்கும். இரண்டின் விட்டமும் பற்களும் ஒன்றாகவே இருக்கலாம், அதனால்தான் மாற்றிப் போடும் தவறு எளிதாக நடக்கிறது. ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை ஒற்றை ஃப்ளைவீலோடு போட்டால் அதிர்வை வாங்க எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் சலசலக்கும், பற்கள் அடிபடும். ஸ்பிரிங் உள்ள பிளேட்டை இரட்டை நிறை ஃப்ளைவீலோடு போட்டால் அதன் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீலின் போல்ட் தலைகளில் உரசக்கூடும். விலை காரணமாக, முந்தைய உரிமையாளர் இரட்டை நிறை ஃப்ளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை வார்ப்பைப் போட்டிருப்பதும் சாதாரணம். இரட்டை நிறை ஃப்ளைவீலையே இரு நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு வழங்கியிருப்பதும் உண்டு. ஒன்றின் கிளட்ச் மற்றதன்மேல் உட்காராது. ஃப்ளைவீலில் பொறித்த எண்ணைப் பார்க்கும் வரை கிளட்ச் செட்டின் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. பிரித்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

பிரஷர் பிளேட்டிலும் ஒரு வகைப் பிரிவு உண்டு. சாதாரணப் பிரஷர் பிளேட்டில் பட்டை தேயத் தேய விரல்கள் இடம் பெயரும், பெடல் கனக்கும். தானே சரிசெய்துகொள்ளும் இன்னொரு வகைப் பிரஷர் பிளேட்டில், உள்ளே ஒரு வளையம் சிறிது சிறிதாகச் சுழன்று தேய்மானத்தை ஈடு செய்கிறது. அதை அதற்கான கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் வெறுமனே போல்ட்டை முறுக்கிப் பூட்டினால், வளையம் முதல் நாளிலேயே சுழன்று, பல ஆண்டுகளுக்காக வைத்திருந்த ஈட்டைச் செலவழித்துவிடும். வண்டி ஓடும். பெடலில் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

கூட்டைத் திறந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊதித் தள்ளுவது நம் ஒர்க்‌ஷாப்களில் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். பழைய வண்டிகளின் உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதினால் அது கூடத்தில் இருக்கும் எல்லோருடைய நுரையீரலுக்கும் போகும், டீ வாங்கி வரும் சிறுவன் உட்பட. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பிறகு பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். விட்டம், தடிமன், நடுத்துளைப் பற்கள், பிரஷர் பிளேட் விரல்களின் உயரம், ரிலீஸ் பேரிங்கின் முக அகலம். ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் புதியதுதான் தவறு என்று உடனே முடிவு கட்ட முடியாது. பழையதே யாரோ தவறாகப் போட்டதாக இருக்கலாம். அப்போது வண்டியில் இன்று உண்மையில் பூட்டியிருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். உள்ளீட்டுத் தண்டின் பற்களை எண்ணுங்கள், கூட்டின் வார்ப்பு எண்ணைப் படியுங்கள், ஃப்ளைவீல் ஒற்றையா இரட்டையா என்று கையால் அசைத்துப் பாருங்கள், எஞ்சினின் குறியெழுத்திலிருந்து அதன் முறுக்குவிசையைத் தேடி எடுங்கள். குத்திய எழுத்தும், ஸ்பேர் சக்கரக் குழியின் தாளும், பின்கதவில் ஒட்டிய பெயரும் இந்த நான்குக்கும் பின்னால்தான் வரும். நான்கும் ஒரே குடும்பத்தைக் காட்டினால், பழைய கிளட்ச் எதுவாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கான செட்டையே வாங்கிப் பூட்டலாம்.